பட்டினிப் பாத்தி

அன்று கழனி வரப்பில் நின்றவர்கள்: நான். என் வீட்டுக்காரர். என் மாமியார். வீட்டுக்காரரின் பெரியப்பா மகன், எங்களுக்குப் பங்காளி. விவசாய ஆபீசிலிருந்து சைக்கிளில் வந்த சார். மொத்தம் ஐந்து. ஆடு ஒன்று கட்டியிருந்தது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மாமியார் சேர்த்திருப்பார்.

எழுபதுகளின் கடைசி. எங்களுக்கு இருந்தது ஒரு ஏக்கர் கழனி. உத்திரமேரூருக்கும் திருப்புலிவனத்துக்கும் நடுவில், ஏரிப் பாசனம். மேல் பாதி நன்றாக விளையும். கீழ்ப் பாதியில் நாற்று நட்டுக் கொஞ்ச நாளில் இலையில் துரு விழும். பழைய தகரம் மாதிரி ஆகிவிடும். பயிர் வளராது. சாகவும் சாகாது. அப்படியே நிற்கும்.

மேல் பாதி விளைச்சல் எங்களுக்குப் பாதி வருஷத்துக்கு வரும். மீதிப் பாதிக்குக் கீழ்ப் பாதிதான். அது விளையாவிட்டால் கழனி முழுவதையும் பங்காளிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு மெட்ராஸ் போவது என்று வீட்டில் பேச்சு. வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு வாட்ச்மேன் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். எனக்குப் போக இஷ்டமில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்கு முந்தின நவரைப் பட்டத்துக்கு மூன்று காரியம் செய்தோம். சார் சொன்னபடி ஜிங்க் உப்பை மணலில் கலந்து தூவினோம். வீட்டுக்காரர் தண்ணீரை வடித்து வடித்து விட்டார். மாமியார் எல்லையம்மனுக்கு நேர்ந்துகொண்டு ஆடு வெட்டினார். கீழ்ப் பாதி விளைந்தது. அதிலிருந்து சண்டை.

மறு நவரைக்கு நடவு முடிந்ததும் அந்தச் சண்டைதான் வரப்பில் நடந்துகொண்டிருந்தது.

"ஆத்தா கண்ணத் தொறந்தா, வெளஞ்சிது. அதுக்கு மேல இன்னா கேள்வி?" என்றார் மாமியார். ஆட்டுக் கயிறு அவர் கையில் இருந்தது.

"தண்ணிய வடிச்சி உட்டது யாரு? என் காலப் பாரு. ரெண்டும் சேத்துப்புண்ணு" என்றார் வீட்டுக்காரர்.

"மண்ணுல ஜிங்க் சத்து கம்மிங்க. அதைப் போட்டோம், பயிர் திரும்பிச்சு. அவ்வளவுதான்" என்றார் சார். அவர் தஞ்சாவூர்ப் பக்கம். பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

பங்காளி வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். துப்பிவிட்டுச் சொன்னார். "மூணும் இல்ல. போன வாட்டி மழ நல்லா பெஞ்சிது, ஏரி ரொம்பிச்சி. என் கழனிலயும்தான் வெளஞ்சிது. நான் ஆடு வெட்னனா? உப்பு போட்டனா? சும்மா பட்த்துக்கினு இருந்தேன்."

நல்ல கேள்வி. அவர் நல்ல எண்ணத்தில் கேட்கவில்லை. எங்கள் கழனி மேல் அவருக்குக் கண். இருந்தாலும் நல்ல கேள்வி.

நான் சாரிடம் கேட்டேன். "எது வேல செஞ்சிதுன்னு தெரிஞ்சிக்க வழி கீதா சார்?"

சார் என்னைப் பார்த்தார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். அதுவரை ஸ்டாண்டு போடாமல்தான் பிடித்துக்கொண்டு நின்றார். "இருக்கும்மா. யாரும் கேட்க மாட்டாங்க" என்றார்.

அவர் சொன்னது இது. கீழ்ப் பாதியை ஆறு பாத்தியாகக் கட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி மடை. ஒரு பாத்தித் தண்ணீர் இன்னொன்றுக்குப் போகக் கூடாது. மூன்றுக்கு அந்த ஜிங்க் மருந்து. மூன்றுக்கு இல்லை. மற்றது எல்லாம் ஒன்றே.

"மழை ஆறுக்கும் பெய்யும். தண்ணி வடிக்கிறது ஆறுக்கும் வடிங்க. ஆடும் ஆறுக்கும் சேர்த்து வெட்டுங்க. மருந்து மட்டும் மூணுக்கு. அப்புறம் வித்தியாசம் தெரிஞ்சா அது மருந்தாலதான்."

மாமியாருக்குச் சந்தேகம். "அப்ப ஆத்தா ஒண்ணும் பண்ணலன்னு சொல்லப் போற."

"இல்ல பாட்டி. அம்மன் செஞ்சாங்களா இல்லையான்னு இதுல தெரியாது. அது என்னால பார்க்க முடியாது."

"யாருடா பாட்டி?" மாமியாருக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை.

"மூணு பாத்திக்கு மட்டும் ஆடு வெட்டிப் பாக்கறது" என்றார் பங்காளி. "மருந்துக்கு ஒரு பரீட்சன்னா ஆத்தாவுக்கும் ஒண்ணு வெச்சிப் பாத்துடலாமே."

சார் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "எந்த மூணு பாத்தின்னு அம்மனுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லையம்மனுக்கு எல்ல தெரியாதா?" என்றார் மாமியார்.

கடைசியில் ஆறுக்கும் சேர்த்து வெட்டுவது என்று முடிவானது.

அடுத்தது எந்த மூன்று பாத்தி என்ற பிரச்சினை. வீட்டுக்காரர் உடனே கையைக் காட்டினார். "இந்த மூணுக்குப் போடலாம் சார், மண்ணு கொஞ்சம் நல்லா கீது."

"அதான் கூடாது. நாம சொன்னா நல்ல பாத்திக்குத்தான் கை போகும். சீட்டுப் போட்டு எடுக்கணும்."

பங்காளி சிரித்தார். "ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே எங்க ஊர்ல குடத்துல ஓல போட்டு எடுத்துக்கினு இருந்தாங்க சார். கோயில் செவுத்துல எழுதி கீது. நீ இன்னாமோ புச்சா சொல்ற."

"அப்ப நீங்களே எடுங்க" என்றார் சார்.

மோர் கொண்டுபோன சட்டியைக் கழுவித் துடைத்து ஆறு சீட்டைப் போட்டோம். கழனிக்கு ஆசைப்படுகிறவர் கையாலேயே சீட்டு. ஒன்று, நான்கு, ஆறு என்று வந்தது. பிற்பாடு அவரே குறை சொல்ல முடியாது. சார் அதை யோசித்துத்தான் செய்தாரா என்று எனக்குத் தெரியாது.

சார் கொடுத்த பையிலிருந்து அந்த மூன்றுக்கும் மருந்து தூவினோம். பையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஆடு வெட்டினோம். சாரைக் கூப்பிட்டோம். வந்தார். அவர் சைவம். மோர் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு துரு விழுந்தது. இரண்டு, மூன்று, ஐந்து. மருந்து இல்லாத மூன்றிலும். ஒன்று, நான்கு, ஆறு பச்சையாக நின்றது.

எனக்கு உள்ளே ஒரு நிம்மதி. ஆனால் சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அறுப்பு வரை துரு விழுந்த பாத்தியில் எதுவும் போடக் கூடாது, அளந்து பார்த்தால்தான் சாட்சி என்று. அது மற்றவர்களுக்கு ஏறவில்லை.

மாமியார் வரப்பில் நின்று சொன்னார். "ஆறு புள்ளையப் பெத்து மூணுக்குச் சோறு போட்டு மூணப் பட்டினி போட்டா, அவ பொம்பளையாடி?"

"புள்ள இல்ல அத்தே. பாத்தி."

"ஒனக்கு நெஞ்சுல ஈரம் கீதா?"

எங்கள் கழனி பஸ் போகும் ரோட்டை ஒட்டி இருந்தது. போகிறவர் எல்லாம் கேட்டார்கள். உத்திரமேரூர் சந்தைக்குப் போகிறவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டே கேட்டார்கள். "இன்னாமே, ரெண்டாவது பாத்திக்குக் காமாலையா?" "மருந்து வாங்கத் துட்டு இல்லையா? சொல்லக் கூடாதா?" ஒரு கிழவர் தன் வீட்டிலிருந்து பிண்ணாக்கு கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். பரீட்சை என்று சொன்னேன். "பரீட்சையா? யாரு எழுதறது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் பயிரைப் பட்டினி போடுவது அசிங்கம். மாட்டைப் பட்டினி போடுவது மாதிரி. அதுவும் மருந்துப் பை வீட்டில் இருக்கும்போது. வீட்டுக்காரர் ரோட்டுப் பக்கம் தலை காட்டுவதை விட்டுவிட்டார். பஸ்ஸுக்குக்கூட ஏரிக்கரை சுற்றிப் போனார். அவர் நல்ல மனுஷர். அதுதான் தொல்லை.

கொஞ்ச நாள் போனது. நான் வேறு ஊரில் களையெடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் வந்து பார்த்தால் இரண்டாவது பாத்தி பச்சை திரும்பியிருந்தது. ஐந்தாவதும் தேறிக்கொண்டிருந்தது. மூன்றாவது மட்டும் துருவோடு நின்றது.

வீட்டில் கேட்டேன். "ஏங்க, ரெண்டாவது பாத்தி எப்பிடித் தேறிச்சி?"

"அப்பிடியா? நான் பாக்கலையே" என்றார். கழனியை விட்டு அவர் எங்கேயும் போகாத ஆள்.

மாமியாரைக் கேட்டேன். "ஆத்தாளைக் கேளு" என்றார்.

சார் வந்தார். ஆறு பாத்தியையும் சுற்றினார். திரும்பச் சுற்றினார். வரப்பில் உட்கார்ந்தார். பேன்ட்டில் சேறு ஆனதைக்கூடப் பார்க்கவில்லை.

"போச்சும்மா" என்றார்.

"இன்னா சார்?"

"மருந்து போடாத மூணுல ரெண்டு தானா தேறிடுச்சு. அப்ப மருந்து போட்டதும் தானாத்தான் தேறியிருக்கும். நான் சொன்னது தப்போ என்னமோ. ஊர் ஊரா சொல்லிட்டு வர்றேன்."

அவர் வேறு ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். தண்ணீர் கசிந்தது என்று சொல்லியிருந்தால்கூட நாங்கள் நம்பியிருப்போம். சொல்லவில்லை.

பங்காளி அங்கேதான் இருந்தார். அவர் எப்போதும் அங்கேதான் இருந்தார். "அப்ப இன்னா தம்பி, குத்தக பேசிடலாமா? மெட்ராஸ்ல அந்த வேலைக்கு வேற யார்னா பூடப் போறான்."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் பங்காளியிடம் சொன்னேன். "பேசிடுங்க மாமா. மருந்து பொய்யின்னு ஆயிடுச்சி. இனிமே இங்க இன்னா கீது?"

அதை நான் கோபத்தில் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "எவன்டா தானா தேறிச்சின்னு சொன்னவன்? அஞ்சாவது பாத்தி என் கையால தேறிச்சி! சாணியும் சாம்பலும் கூடைல தூக்கியாந்து போட்டது நானு. இடுப்பு போச்சி. தானா தேறிச்சாம்!"

சார் எழுந்தார். "என்ன பாட்டி சொல்றீங்க?"

"பாட்டின்னா, மீதிய சொல்ல மாட்டேன்."

"அம்மா. அம்மா, சொல்லுங்க."

"சொல்லிட்டேன். அஞ்சாவது என்னுது. மூணுக்கும் போடணும்னுதான் நெனச்சேன். ஒரு கூடைக்கு மேல தூக்க முடியல."

"ரெண்டாவது?"

"ரெண்டாவது நான் இல்ல. சத்தியமா."

எல்லோரும் வீட்டுக்காரரைப் பார்த்தோம். அவர் ஏரியைப் பார்த்தார். ஏரியில் ஒன்றும் இல்லை. ஒரு கொக்குகூட இல்லை.

"பையில மிச்சம் இருந்திச்சி சார்" என்றார். "ரோட்டோரத்துப் பாத்தி. போறவன் வர்றவன் எல்லாம் கேக்கறான். ஒரே பேஜாரா பூட்ச்சி. மூணுக்கும் போட மருந்து பத்தல. ரெண்டாவதுக்கு மட்டும் போட்டேன். அதுங்கூட எனக்காக இல்ல சார். பாவமா இருந்திச்சி."

சார் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப யாருமே தொடாத பாத்தி மூணாவது மட்டும்தான். அது துருவோட நிக்குது! ரெண்டாவதுக்குப் போட்டது எனக்கும் தெரியாது, இந்தம்மாவுக்கும் தெரியாது. ஆனா பயிருக்குத் தெரிஞ்சிருக்கு!"

"அப்ப மருந்து நெசம்" என்றார் வீட்டுக்காரர்.

சாரின் சிரிப்பு நின்றது. "அப்படிச் சொல்ல முடியாது."

"இன்னா சார் நீ!"

"ஒரு பாத்திதாங்க மிச்சம். அந்த இடத்துல மண்ணே மோசமா இருக்கலாம். ஒண்ணை வெச்சு முடிவு சொன்னா அது ஜோசியம். திரும்பச் செய்யணும்."

"அதுக்கும் மேல ஒண்ணு" என்று நான் கேட்டேன். "திரும்பச் செஞ்சி மருந்து நெசம்னு ஆச்சின்னா, இங்க இருக்கறதா, மெட்ராஸ் போறதா? சொல்லு சார்."

அவர் பேன்ட்டுச் சேற்றை அப்போதுதான் துடைத்தார். "எத்தனை நெல் கூட வரும்னு என்னால பார்த்துச் சொல்ல முடியும். அது போதுமான்னு நீங்கதான் சொல்லணும். அது எந்த ஆபீஸ்லயும் இல்லம்மா. ஆனா ஒண்ணு. எவ்வளவு வந்தா இருப்பீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க. அளந்ததுக்கு அப்புறம் சொன்னா நம்மள நாமே ஏமாத்திக்குவோம்."

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். எங்கள் அடுப்புக் கணக்கு எனக்குத்தான் தெரியும்.

"அடுத்த நவரைக்கு ரெண்டு பாத்தி மருந்து. ரெண்டு பாத்தி சும்மா. மருந்து ரெண்டும் சேத்து, சும்மா ரெண்ட விட இருபது மரக்கா கூட வரணும். வந்தா இருக்கறோம். வரலன்னா கழனி மாமாவுக்கு."

"மீதி ரெண்டு பாத்தி?" என்றார் சார்.

"அத்தைக்கு. சாணி, சாம்பல், இன்னா வேணுமோ போட்டுக்கட்டும். மத்த நாலுல கை வெக்கக் கூடாது."

மாமியார் யோசித்தார். தனக்கென்று இரண்டு பாத்தி. சரி என்றார். பங்காளியும் சரி என்றார். இருபது மரக்கால் வராது என்று அவருக்கு நம்பிக்கை.

மறுநாள் காலை வீட்டுக்காரருக்கு நாஷ்டா வைக்கவில்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த நவரையில் மறுபடி சட்டி, மறுபடி சீட்டு. மருந்துப் பையில் மிச்சமானதைச் சாரே எடுத்துக்கொண்டு போனார். பட்டினிப் பாத்தி இரண்டும் இந்த முறை ரோட்டோரமே வந்து விழுந்தது. வீட்டுக்காரர் தென்னங்கீற்று முடைந்து ரோட்டுப் பக்கம் தட்டி கட்டினார். பயிருக்கு மறைப்பு கட்டிய ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். நிழல் விழும் என்று சார் அதை அவிழ்க்கச் சொன்னார். பிறகு ரோட்டில் கேட்டவர்களுக்கு எல்லாம் வீட்டுக்காரரே நின்று பதில் சொன்னார். முதலில் கூனிக்கொண்டு சொன்னார். போகப் போக நிமிர்ந்து சொன்னார். "சும்மா பேசாத நைனா. எல்லாத்துக்கும் போட்டுட்டா, போட்டதாலதான் வெளஞ்சிதுன்னு நீ எப்பிடிச் சொல்லுவ?" என்று ஒருவரை மடக்குவதை நானே கேட்டேன்.

அறுத்தோம். ஆறு பாத்தியையும் தனித்தனியாக அடித்தோம். களத்தில் ஆறு குவியல். அளக்க மாமியார். எங்கள் வீட்டில் மரக்கால் பிடிப்பது அவர்தான்.

சார் சொன்னார். "எந்தக் குவியல் எந்தப் பாத்தின்னு அளக்கிறவங்களுக்குத் தெரியக் கூடாது."

"ஏன், நான் திருடியா?"

"இல்லம்மா. யாரா இருந்தாலும் கை தானா மாறும். பிடிச்ச குவியலுக்குத் தலை தட்டி அளக்கும், எண்ணிக்கை கூடும். பிடிக்காததுக்குக் கோபுரமா அளக்கும், எண்ணிக்கை குறையும். மனசுக்கே தெரியாது."

மாமியார் இதற்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "அது நெசந்தான். எங்க நாத்தனாருக்கு நான் அப்பிடித்தான் அளப்பேன்" என்றார்.

அவரை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு நானும் சாரும் குவியலை இடம் மாற்றி வைத்தோம். எது எது என்று எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். நாங்கள் முகத்தைக் காட்டக் கூடாது என்று களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். காதில் மட்டும் கேட்டோம்.

ஒன்று என்பதற்குப் பதில் லாபம் என்று சொல்லித்தான் எங்கள் பக்கம் அளக்க ஆரம்பிப்பார்கள். மாமியார் ஒவ்வொரு குவியலுக்கும் லாபம், ரெண்டு, மூணு என்று போனார். முதல் குவியல் முப்பத்தொன்று. அது மருந்து. அடுத்தது இருபத்தெட்டு. அது மாமியாருடைய சாம்பல். அடுத்தது முப்பது. மருந்து. அடுத்தது பத்தொன்பது. அதுவும் மாமியாருடையது.

ஒரே சாணி, ஒரே சாம்பல், ஒரே கை. ஒன்று இருபத்தெட்டு, இன்னொன்று பத்தொன்பது. இது ஏன் என்று சாரை மெதுவாகக் கேட்டேன்.

"தெரியலம்மா" என்றார்.

அந்த வார்த்தையை அவர் அடிக்கடி சொல்வார். வேறு எந்த ஆபீசரும் எங்களிடம் சொன்னதில்லை.

மருந்து இரண்டும் சேர்த்து அறுபத்தொன்று. பட்டினிப் பாத்தி இரண்டும் நாற்பத்தொன்றுக்கு மேல் போகக் கூடாது. விளைச்சல் குறைய வேண்டும் என்று களத்தில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டது அந்த ஒரு நாள்தான்.

ஐந்தாவது குவியல். இருபது. இனி ஆறாவது இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது.

பங்காளி என்னிடம் வந்து குனிந்தார். "இன்னாமா, எது எது?"

"அளந்து முடியட்டும் மாமா."

ஆறாவது குவியல் நாங்கள் வைக்கும்போதே பார்வைக்குப் பெரிதாகத்தான் இருந்தது. பதர் அதிகம் என்று வீட்டுக்காரர் முறத்தால் இன்னொரு முறை தூற்றினார். நான் திரும்பவில்லை. சார் சைக்கிள் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

மாமியார் ஆரம்பித்தார். லாபம். ரெண்டு. மூணு. அவர் நிதானமாகத்தான் அளப்பார். பதினைந்து வந்தது. பதினாறு வந்தது. மரக்கால் தரையில் உரசும் சத்தம் கேட்டது. குவியல் அடியில் வந்துவிட்டது. பதினேழு என்றார். கையால் கூட்டிச் சேர்த்தார். மண்ணோடு சேர்ந்த நெல்லையும் விடவில்லை. மரக்கால் நிறைந்தது. தலை தட்டினார்.

பதினெட்டு.